ரெண்டாம் வகுப்புப் பையனுக்கும் அஞ்சாம் வகுப்புப் பொண்ணுக்கும் எந்த ஆப் போடலாம்? காசு கட்டலாமா?

ஒத்தக்கடை_அப்பா

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். மகள் ஐந்தாம் வகுப்பு, மகன் இரண்டாம் வகுப்பு, இருவரும் அரசுப் பள்ளியில் தமிழ் வழி. நான் குட்டியானை ஓட்டுகிறேன். விடியக்காலம் மாட்டுத்தாவணி மார்க்கெட் லோடு, அப்புறம் எங்கே வாடகை கிடைக்கிறதோ அங்கே. வீட்டில் நல்ல போன் ஒன்றுதான், அதுவும் என்னோடு வந்துவிடும், ராத்திரிதான் வீடு திரும்பும்.

போன வாரம் கம்பெனி பெயர் போட்ட சட்டையோடு ஒருவர் வீட்டுக்கு வந்தார். இலவசத் தேர்வு என்று சொல்லி மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து டேப்பில் சில கேள்விகள் கேட்டார், எல்லாம் இங்கிலீஷில். அது முடிந்ததும் அவள் எதிரிலேயே "பிள்ளைக்கு அடிப்படை சரியில்லை, இப்போது விட்டால் ஆறாம் வகுப்பில் திணறும்" என்று சொன்னார். உடனே பேக்கேஜ் பேச்சு. டேப்போடு சேர்த்து மூன்று வருடம், மாதத் தவணை, இன்றே போட்டால் தள்ளுபடி. மொத்தத் தொகை நான் டீசல் போக இரண்டு மாதம் கையில் பார்ப்பதைவிட அதிகம். வீட்டுக்காரி வேண்டாம் என்கிறாள், என் அம்மா பிள்ளைகள் படிப்புக்குத்தானே என்கிறார்கள்.

உள்ளபடி சொன்னால் பையன் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறான், வார்த்தை நீளமாக இருந்தால் முதல் இரண்டு எழுத்தைப் பார்த்துவிட்டு மிச்சத்தை அவனே ஊகித்துச் சொல்லிவிடுகிறான். பொண்ணு கூட்டல் கழித்தலில் கெட்டி, பின்னம் வந்தால்தான் நோட்டை மூடுகிறாள். நான் எட்டாவது. சொல்லிக்கொடுக்க எனக்கு வராது. என்ன செய்யலாம்?

ஜிகர்தண்டா95

அண்ணே, பிளே ஸ்டோரில் கிட்ஸ் லேர்னிங் என்று அடித்தால் கொட்டும். நாலரை ஸ்டாருக்கு மேல் எது இருக்கோ அதைப் போடுங்கள். பிடிக்கலைன்னா அழித்துவிட்டு அடுத்தது. இதுக்குப் போய் இவ்வளவு யோசிக்கணுமா?

மேலூர்_டீச்சர்

தம்பி ஜிகர்தண்டா, அந்த ஸ்டாரைப் போட்டது யார்? பிள்ளை அரை மணி நேரம் சத்தம் போடாமல் உட்கார்ந்தது என்று சந்தோஷப்பட்ட அப்பா அம்மா. பிள்ளை படித்ததா என்பதை அந்த ஸ்டார் சொல்லாது.

ஒத்தக்கடைக்காரரே, வந்த சேல்ஸ்மேன் கேட்காத கேள்விக்கு நீங்களே பதில் எழுதிவிட்டீர்கள். பையனுக்கு வாசிப்பு, பொண்ணுக்குப் பின்னம். இந்த இரண்டுக்கு மட்டும் தேடுங்கள். மூன்று வருடத்துக்கு எல்லாப் பாடமும் வாங்குகிறவர் எதற்கு வாங்குகிறோம் என்று தெரியாமல்தான் வாங்குகிறார்.

முதல் வேலையாகப் பையனின் வகுப்பு டீச்சரைப் பாருங்கள். எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-ல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புக்கு வந்தது, பிறகு நான்கு ஐந்துக்கும் விரிந்தது. அதில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துத்தான் பாடம் நடத்துகிறோம். உங்கள் பையன் எந்த நிலையில் இருக்கிறான் என்று டீச்சருக்குத் தெரியும். தயங்காமல் கேளுங்கள், கேட்கிற அப்பாக்கள் குறைவு, கேட்டால் எங்களுக்கு நிஜமாகவே சந்தோஷம்தான். அரும்பில் இருக்கிறான் என்றால் கதை ஆப் எல்லாம் இப்போதைக்கு வேண்டாம், எழுத்தும் உயிர்மெய்க் குறிகளும் முதலில் கைக்கு வரணும். கொம்பும் காலும் குழம்புகிற பிள்ளைக்குக் கதையைக் கொடுத்தால் அவன் படத்தைப் பார்த்துத்தான் சொல்லுவான். நீங்கள் சொன்ன ஊகம் அப்படித்தான் வருகிறது.

மொட்டுக்கு வந்திருந்தால் கூகுளின் ரீட் அலாங் போட்டுப் பாருங்கள். 2019-ல் போலோ என்ற பெயரில் வந்தது, பிறகு பெயர் மாறியது, தமிழும் இருக்கிறது. பிள்ளை சத்தமாக வாசிக்க வாசிக்கச் சொல்லாகக் கேட்டுக்கொண்டே வரும். முடியாத சொல்லைத் தொட்டால் அதுவே சொல்லிக்காட்டும். கதைகளை முதலிலேயே இறக்கி வைத்துவிட்டால் நெட் வேண்டாம். ஒரு சங்கடம், நம் பக்கத்துப் பிள்ளைகள் வேகமாகச் சொன்னால் சில சமயம் அதற்குப் புரியாது. சரியாக வாசித்த பிள்ளை, அது ஒத்துக்கொள்ளவில்லை என்று நிமிர்ந்து நம் முகத்தைப் பார்க்கும். அதனால் பக்கத்தில் ஒரு பெரியவர் உட்காரணும். உங்கள் அம்மாவே போதும், அவர்களுக்கு வாசிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கதை கேட்கத் தெரியும் இல்லையா.

போனே வேண்டாம் என்றால் ஸ்டோரிவீவர் என்ற கதை இணையதளம் இருக்கிறது. பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கியது, தமிழில் நிறையக் கதைகள், நான்கு நிலையாகப் பிரித்திருப்பார்கள், இறக்கிக்கொள்ளக் காசு கிடையாது. முதல் நிலைக் கதை ஒன்றைக் கறுப்பு வெள்ளையில் பிரிண்ட் எடுத்தால் ஒரு டீ வடைக் காசுதான் ஆகும். எங்கள் வகுப்பில் அப்படி எடுத்துத் தைத்த புத்தகங்களைத்தான் பிள்ளைகள் கிழிய கிழிய வாசிக்கிறார்கள்.

பின்னத்துக்கு அப்புறம் எழுதுகிறேன், மணி அடித்துவிட்டார்கள்.

செல்லூர்_சர்வீஸ்

நான் போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். என்னிடம் வருகிற போன்களில் பாதிக்கு மேல் பிள்ளைகள் கையில் இருந்தவை. "ஹேங் ஆகுது அண்ணே" என்று கொடுப்பார்கள். திறந்தால் கலர் அடிக்கிற ஆப் நாலு, ஏபிசிடி ஆப் அஞ்சு, ஒவ்வொன்றும் விளம்பரத்தில் இருந்து இன்னொன்றை இறக்கி வைத்திருக்கும். பிள்ளை மேல் தப்பு இல்லை. விளம்பரத்தை மூடுகிற பெருக்கல் குறியைக் கடுகு சைஸில் வைத்தால் பிஞ்சு விரல் எங்கே படும்?

எந்த ஆப்பாக இருந்தாலும் பிள்ளையிடம் கொடுப்பதற்கு முன்னால் ஃபிளைட் மோடு போட்டுத் திறந்து பாருங்கள். பாடம் ஓடினால் நல்லது, ராத்திரி நெட் இல்லாமலே பிள்ளை படிக்கும், விளம்பரமும் பெரும்பாலும் எட்டிப் பார்க்காது. திறக்கவே மாட்டேன் என்று சுற்றிக்கொண்டே நின்றால் அந்த ஆப்புக்கு உங்கள் டேட்டா பேக் தினமும் வேணும், டவர் விட்டு விட்டு வருகிற ஊரில் அது உங்களுக்கு உதவாது.

பிளே ஸ்டோர் பக்கத்திலேயே, நிறுவுகிற பட்டனுக்குப் பக்கத்தில், விளம்பரங்கள் உள்ளன, ஆப்புக்குள் வாங்கலாம் என்கிற மாதிரி சின்ன எழுத்தில் போட்டிருக்கும். யாரும் படிப்பதில்லை. கீழே டேட்டா பாதுகாப்பு என்று ஒரு பகுதி இருக்கும், என்னென்ன தகவல் எடுக்கிறார்கள், யாருக்குக் கொடுக்கிறார்கள் என்று. அப்புறம் அனுமதி. வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிற ஆப் உங்கள் போன்புக்கையும் லொக்கேஷனையும் கேட்டால் எதற்கு என்று யோசியுங்கள். ரீட் அலாங் மைக் கேட்கும், அது நியாயம், காது இல்லாமல் எப்படிக் கேட்கும்.

இன்னும் இரண்டு வேலை. பிளே ஸ்டோர் செட்டிங்கில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கும்படி வையுங்கள். ஆப் பின்னிங் என்று ஒன்று இருக்கிறது, அதைப் போட்டுக் கொடுத்தால் அந்த ஒரு ஆப்பை விட்டுப் பிள்ளை வெளியே போக முடியாது, வாட்ஸ்அப்பில் முதலாளிக்கு ஸ்டிக்கர் அனுப்புவதும் நின்றுவிடும்.

ஒத்தக்கடை_அப்பா

டீச்சருக்கும் செல்லூர் அண்ணனுக்கும் நன்றி. அந்தக் கம்பெனி ஆள் இன்றைக்கும் கூப்பிட்டார். ஆதார், பான், பாஸ்புக் போட்டோ அனுப்பினால் போதும், முதல் மாதம் இலவசம், பிடிக்கவில்லை என்றால் ரத்து செய்துகொள்ளலாம் என்கிறார். அப்படி ரத்து செய்ய முடியுமா? முடியும் என்றால் ஒரு மாதம் பார்க்கலாமே என்று அம்மா கேட்கிறார்கள்.

வைகைக்கரை

நிறுத்துங்கள். எதையும் அனுப்பாதீர்கள். நான் வங்கியில் வேலை பார்ப்பவன், இந்தக் கதை மேசைக்கு வந்து வந்து அலுத்துப்போய்விட்டது.

அவர் தவணை என்று சொல்வது பல நேரம் கம்பெனிக்குக் கட்டுகிற தவணை இல்லை. உங்கள் பெயரில் ஒரு நிதி நிறுவனத்திடம் கடன் போட்டு, மொத்தப் பணத்தையும் கம்பெனி முதலிலேயே வாங்கிக்கொள்ளும். பாடம் பிடிக்கவில்லை என்று நீங்கள் கம்பெனியிடம் ரத்து செய்தாலும் கடன் தனியாக உயிரோடு இருக்கும். மாதா மாதம் கணக்கில் இருந்து எடுத்துக்கொள்ள நீங்கள் கொடுத்த ஒப்புதலும் இருக்கும். பணம் இல்லாமல் திரும்பினால் அதற்குத் தனி அபராதம், சிபில் ஸ்கோரும் அடிவாங்கும். நாளைக்கு வண்டிக்கு லோன் கேட்டுப் போனால் மேனேஜர் உதட்டைப் பிதுக்குவார். பான், பாஸ்புக் கேட்பது இதற்குத்தான். ஓடிபி சொன்னால் கையெழுத்துப் போட்ட மாதிரி.

ஒன்றிய கல்வி அமைச்சகமே 2021 டிசம்பரில் பெற்றோருக்கு அறிவுரை வெளியிட்டது. இலவசம் என்று வருவதைக் கவனமாகப் பாருங்கள், சந்தாவுக்குத் தானாகப் பணம் எடுத்துக்கொள்ளும் வசதியைத் தவிருங்கள், நிபந்தனைகளைப் படிக்காமல் ஒத்துக்கொள்ளாதீர்கள் என்றெல்லாம் அதில் இருக்கிறது. ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் யாராவது இதைப் படித்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. புகாரை எழுத்தில் கொடுங்கள், கம்பெனி ஆளிடம் போனில் சண்டை போட்டுப் பிரயோஜனம் இல்லை.

பிள்ளைகள் தகவலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்கு உட்பட்ட எல்லோரும் குழந்தைதான். பெற்றோரின் ஒப்புதல் வேண்டும், பிள்ளையின் நடத்தையைப் பின்தொடர்ந்து குறிவைத்து விளம்பரம் காட்டக் கூடாது. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, முழுதாக நடைமுறைக்கு வர ஒன்றரை வருட அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அதுவரைக்கும் நம் பிள்ளையை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அரசு சொன்ன ஆப் என்பதற்காகவும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டாம். ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2022-ல் 49 நாடுகளின் அரசுகள் கொரோனா சமயத்தில் பரிந்துரைத்த கல்விக் கருவிகளை ஆராய்ந்தபோது, பத்தில் ஒன்பதுக்குக் கொஞ்சம் குறைவானவை பிள்ளைகளின் தகவல் விஷயத்தில் சிக்கலாக இருந்தன. ஒன்றிய அரசின் பாடத் தளமான திக்ஷாவும் அவர்கள் ஆராய்ந்து குறை சொன்னவற்றில் ஒன்று.

தெப்பக்குளம்_அம்மா

எல்லோரும் சேர்ந்து காசு வாங்குகிற ஆப் என்றாலே களவாணி என்பது போலப் பேசுகிறீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. என் மகள் தனியார் பள்ளி, நான்காம் வகுப்பு. கணக்குக்கு ஒரு ஆப்புக்கு வருடச் சந்தா கட்டுகிறேன், தவணை கிடையாது, கடன் கிடையாது, தொகையும் ஒரு சுடிதார் துணி எடுக்கிற அளவுதான். விளம்பரம் இல்லை, அவள் எங்கே தடுமாறினாள் என்று எனக்குத் தெளிவாகக் காட்டுகிறது. இலவசம் என்று நீங்கள் போடுகிற பல ஆப்களில் நாம் காசு கொடுக்காததற்குப் பிள்ளையின் கண்ணை விற்கிறார்கள். அதற்குக் காசு கொடுத்துவிட்டுப் போகலாம்.

நான் பார்க்கிறது வேறு. பிள்ளை தப்பாகப் போட்டால் ஆப் என்ன செய்கிறது? முதலில் ஒரு ஆப் போட்டிருந்தோம், சரியாகப் போட்டால் தங்கக் காசு கொட்டும், பொம்மைக்குச் சட்டை வாங்கலாம். ஒருநாள் பின்னால் நின்று பார்த்தேன். 36-ஐ 4-ஆல் வகுக்கச் சொல்லிக் கேள்வி. அவள் கேள்வியைப் படிக்கவே இல்லை. நான்கு விடையையும் மேலிருந்து கீழே டக் டக் டக்கென்று தட்டுகிறாள், பச்சை வந்ததும் காசு விழுகிறது, அடுத்தது. தப்புக்கு எந்த விலையும் இல்லை, விளக்கமும் இல்லை. தினமும் வந்தால்தான் நெருப்புப் படம் அணையாமல் இருக்கும் என்று பயமுறுத்தல் வேறு, அம்மாச்சி வீட்டுக் கிடாவெட்டுக்குப் போன இடத்தில் என் போனைப் பிடுங்கி அந்த நெருப்பைக் காப்பாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதை அழித்துவிட்டேன்.

இப்போது இருக்கிற ஆப்பில் தப்பாகப் போட்டால் அதே கணக்கைச் சின்னதாக உடைத்துத் திரும்பக் கேட்கிறது. அலுப்பான ஆப்தான், பொம்மை கிடையாது. ஆனால் மூடிவைத்த பிறகு அந்தக் கணக்கைப் பேப்பரில் போட்டுக் காட்டு என்றால் போடுகிறாள்.

பள்ளிக்கூட ஆப் பற்றி யாரும் பேசவில்லையே. எங்கள் பள்ளி ஒரு ஆப்பை எல்லோரும் போட்டே ஆகணும் என்றது. வீட்டுப்பாடம், பீஸ், வருகை எல்லாம் அதில்தான். ராத்திரி ஒன்பதரைக்கு டிங் என்று சத்தம், நாளைக்குச் சார்ட் பேப்பரும் பிஞ்சு வெண்டைக்காயும் கொண்டுவரவும் என்று. ஒன்பதரைக்கு நான் வெண்டைக்காய்க்கு எங்கே போவேன்?

ஜிகர்தண்டா95

வெண்டைக்காய் 😂 அக்கா, ஓவியம் வரையத்தான் இருக்கும், அச்சு எடுக்க.

தெப்பக்குளம்_அம்மா

தெரியும் தம்பி. எங்கள் வீட்டில் அன்றைக்குப் புடலங்காய்தான் இருந்தது.

உசிலம்பட்டி_வாத்தியார்

நான் பணி ஓய்வு பெற்றவன். இவ்வளவு ஆப் பெயர் சொல்கிறீர்களே, பல்லாங்குழி ஒன்று போதாதா? பதினான்கு குழி, கை நிறையப் புளியங்கொட்டை. எண்ணிக்கை, கூட்டல், மீதி, முன்யோசனை எல்லாம் தன்னால் வந்துவிடும். ஆடு புலி ஆட்டம் இருக்கிறது, மூன்று புலி, பதினைந்து ஆடு, கரித்துண்டால் தரையில் கோடு போட்டால் ஆட்டம் தயார். சார்ஜ் வேண்டாம், டவர் வேண்டாம்.

ஜிகர்தண்டா95

ஐயா, மரியாதையாகத்தான் கேட்கிறேன், பல்லாங்குழி ஆடினால் பையனுக்குத் தமிழ் வாசிக்க வருமா? அவர் கேட்டது வாசிப்பு. எந்த விஷயம் எடுத்தாலும் அந்தக் காலத்து விளையாட்டு என்று ஒருத்தர் வந்துவிடுகிறார்.

உசிலம்பட்டி_வாத்தியார்

வராது தம்பி. ஆனால் ஆப் வந்தால் மட்டும் வாசிப்பு வந்துவிடும் என்றும் சொல்லாதே. பாட்டி பக்கத்தில் உட்காரணும் என்று டீச்சர் எழுதினார்களே, அதைத்தான் நானும் சொல்கிறேன். பல்லாங்குழிக்கு எதிரே ஒரு ஆள் கட்டாயம் வேணும். போனுக்கு வேண்டாம். அதனால்தான் போனைக் கொடுத்துவிட்டு எல்லோரும் எழுந்து போகிறார்கள்.

மேலூர்_டீச்சர்

வாத்தியார் ஐயா சொன்னதற்கு என் ஓட்டு உண்டு.

சரி, பின்னத்துக்கு வருகிறேன். பெட் (PhET) என்று, திரையிலேயே செய்து பார்க்கிற பாவனைச் சோதனைகள் இருக்கின்றன, அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில், நோபல் வாங்கிய கார்ல் வீமன் என்ற இயற்பியலாளர் 2002-ல் தொடங்கியது. காசு கிடையாது, போன் பிரவுசரிலேயே ஓடும், தனிக் கோப்பாக இறக்கி வைத்துக்கொண்டு நெட் இல்லாமலும் ஓட்டலாம். பலவற்றுக்குத் தமிழ் உண்டு. பின்னத்துக்கு அறிமுகமாக ஒன்று இருக்கிறது, அதில் படிக்க எழுத்தே அதிகம் கிடையாது, எண்ணும் படமும்தான். மேலே இருக்கிற எண், கீழே இருக்கிற எண் இரண்டையும் அம்பைத் தட்டி மாற்றலாம். கீழே 4 வைத்தால் வட்டம் நான்கு துண்டாகும். துண்டை விரலால் இழுத்து வட்டத்தில் வைக்க வைக்க மேல் எண் ஏறும். 5/4 வேண்டும் என்றால் ஒரு வட்டம் போதாது, இன்னொரு வட்டம் கேட்கும். அந்த இடத்தில் பிள்ளைகள் "டீச்சர், ஒண்ணைத் தாண்டிருச்சு" என்று கத்துவார்கள். நான் போர்டில் தகாபின்னம் என்று எழுதி எத்தனை வருடம் தொண்டை வற்றியிருக்கிறேன் தெரியுமா! அதே வட்டத்தை எண்கோடாகவும் கேக்காகவும் மாற்றிப் பார்க்கலாம். அங்கே காசும் விழாது நெருப்பும் எரியாது. பிள்ளை ஏதாவது மாற்றிப் பார்த்தால்தான் திரையில் எதுவுமே நடக்கும். தெப்பக்குளம் மேடம் கேட்ட கேள்வியோடு இதையும் சேர்த்துக்கொள்கிறேன், பிள்ளை சும்மா இருந்தால் ஆப்பும் சும்மா இருக்கிறதா? கார்ட்டூன் மாதிரி தானாக ஓடிக்கொண்டே போனால் அது பாடம் இல்லை, டிவி.

அப்புறம் பொண்ணிடம் ஒரு நியூஸ் பேப்பரைக் கொடுத்து மடித்து, அதையே கையால் செய்யச் சொல்லுங்கள். ஆறாவதுக்குப் போன பிறகு மணற்கேணி இருக்கிறது, பள்ளிக் கல்வித்துறை 2023-ல் வெளியிட்டது, ஆறு முதல் பன்னிரண்டு வரைக்குமான பாடம், தமிழ், ஆங்கிலம் இரண்டிலும். அதுவரை பாடப்புத்தகத்தைத் திறந்து பாருங்கள். 2018-ல் புதுப் பாடநூல் வந்ததில் இருந்து பக்க ஓரத்தில் கியூஆர் கட்டம் இருக்கிறது, திக்ஷாவில் ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்தின் வீடியோ வரும், வீட்டில் வைஃபை கிடைக்கிறபோது இறக்கி வைத்துக்கொள்ளலாம். பெரிய வகுப்புக் கணக்குப் புத்தகங்களில் இணையச் செயல்பாடு என்று ஒரு பக்கம் ஜியோஜீப்ரா என்கிற கணக்கு மென்பொருளுக்கே ஒதுக்கியிருப்பார்கள். எங்கள் ஊரில் பல பெற்றோருக்கு அந்தக் கட்டம் எதற்கு என்றே தெரியாது, விலை ஒட்டுகிற ஸ்டிக்கர் என்று நினைத்திருந்தார் ஒரு அம்மா.

அலங்கை_காளை

டீச்சர், நான் பிஎட் படிக்கிறேன், பயிற்சிக்கு ஒரு கிராமத்துப் பள்ளிக்கு அனுப்பியிருக்கிறார்கள். வகுப்பில் ஸ்மார்ட் போர்டு இருக்கிறது, பிள்ளைகளிடம் எதுவும் கிடையாது. எங்கள் கல்லூரியில் கஹூட் என்கிற வினாடி வினா ஆப் போடச் சொல்லித் தந்தார்கள், பிள்ளைக்கு ஒரு போனாவது வேண்டுமே?

மேலூர்_டீச்சர்

கஹூட் அங்கே ஓடாது தம்பி. பிளிக்கர்ஸ் பாருங்கள். பிள்ளைக்கு ஒரு அட்டைதான், அதில் கறுப்புக் கட்டம் கட்டமாக ஒரு கோலம், நான்கு ஓரத்திலும் ஏ, பி, சி, டி என்று பொடி எழுத்து. எந்த விடையோ அந்த எழுத்து மேலே வரும்படி அட்டையைத் திருப்பிப் பிடிக்கணும். நீங்கள் முன்னால் நின்று உங்கள் போன் கேமராவை வகுப்பு முழுக்க ஒரு வீச்சு வீசினால் யார் என்ன சொன்னார்கள் என்று வந்துவிடும். ஒவ்வொரு அட்டையின் கோலமும் வேறு, பக்கத்துப் பையனைப் பார்த்து அப்படியே பிடித்தாலும் விடை வேறாகத்தான் விழும். கை தூக்காத பிள்ளைகளின் விடை அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கூச்சப்படுகிற பெண்பிள்ளைகள்தான் அதில் அதிகம். அட்டையைப் பளபளப்பாக லேமினேஷன் போட்டுவிடாதீர்கள், வெளிச்சம் பட்டுக் கேமரா திணறும், கெட்டி அட்டையில் ஒட்டினால் போதும்.

ஸ்மார்ட் போர்டில் வீடியோ ஓடவிட்டுவிட்டு ஓரமாக நிற்காதீர்கள். பாதியில் நிறுத்தி, அடுத்து என்ன ஆகும் என்று கேளுங்கள். பெட்டில் மின்சுற்று ஒன்று இருக்கிறது, ஒயரை மாட்டுவதற்கு முன்னால் பல்பு எரியுமா எரியாதா என்று பிளிக்கர்ஸில் ஓட்டு எடுத்துவிட்டு மாட்டிப் பாருங்கள். வகுப்பு உங்கள் கையில்.

இன்னொன்று, கம்பெனிக்காரர்கள் பள்ளிக்கும் வருவார்கள், ஆராய்ச்சியில் நிரூபித்தது என்பார்கள். யார் செய்த ஆராய்ச்சி என்று கேளுங்கள். யுனெஸ்கோ 2023-ல் வெளியிட்ட உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கையில், பிரிட்டனில் கல்வித் தொழில்நுட்ப நிறுவனங்களிடம் கேட்டபோது முறையாக ஒப்பிட்டுச் சோதனை செய்தவை 7 சதவீதம்தான் என்று இருந்தது. அங்கேயே அப்படி என்றால் நம் தெருவுக்கு வருகிறவரை என்ன சொல்ல.

செல்லூர்_சர்வீஸ்

ஒத்தக்கடை அண்ணே, டேப்போடு பேக்கேஜ் என்று எழுதியிருந்தீர்கள். புது டேப் இப்போது வேண்டாம். சொந்தத்தில் யாராவது பன்னிரண்டாவது முடித்தவர்கள் இருக்கிறார்களா? அரசு கொடுத்த லேப்டாப் 2011-ல் தொடங்கி எத்தனை வீட்டில் பீரோ மேலே தூங்குகிறது தெரியுமா. அதை இறக்குங்கள். பழைய மாடலில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்கிற இயங்குதளமும் போட்டுக் கொடுத்திருப்பார்கள். ஜிகாம்ப்ரி என்று ஒன்று இருக்கிறது, 2000-ல் இருந்து வருகிறது, கட்டற்ற மென்பொருள், நூற்றுக்கு மேல் சின்னச் சின்ன விளையாட்டு, இரண்டு வயதில் இருந்து பத்து வயது வரை. விளம்பரம் கிடையாது. படம் வரைய டக்ஸ் பெயின்ட். இதெல்லாம் நெட்டைத் தேடாது. பொண்ணுக்குப் பின்னம் பிடிபட்ட பிறகு ஸ்க்ராட்ச் போடலாம், அமெரிக்காவின் எம்ஐடி கொடுத்தது, கட்டம் கட்டமாக ஒட்டி அவளே விளையாட்டு செய்வாள்.

கான் அகாடமி கிட்ஸ் பற்றியும் கேட்பார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இரண்டில் இருந்து எட்டு வயது வரை, காசும் இல்லை விளம்பரமும் இல்லை, நல்ல ஆப். ஆனால் தமிழில் கிடையாது, இங்கிலீஷில்தான் பேசும். தமிழே எழுத்துக்கூட்டுகிற பையனுக்கு இப்போது வேண்டாம், அவனுக்கு அதில் வருகிற கரடி பேசுவது விளங்காது.

தெப்பக்குளம்_அம்மா

நேரம் பற்றி யாரும் சொல்லவில்லை. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் வழிகாட்டுதல்படி இரண்டு வயதுக்குள் திரையே கூடாது, ஐந்து வயது வரை அதிகபட்சம் ஒரு மணி நேரம், பத்து வயது வரை இரண்டு மணி நேரத்துக்குள். பாட ஆப்பும் திரைதான், அதைத் தனிக் கணக்கில் போடாதீர்கள். ஒத்தக்கடை அண்ணன் போன் பகல் முழுக்க வண்டியில் இருப்பது குறை என்று நினைக்கிறார், எனக்கு அது பொறாமையாக இருக்கிறது.

வார விடுமுறையில் ஒருநாள் மதுரை புதுநத்தம் சாலையில் இருக்கிற கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குக் கூட்டிப்போங்கள். 2023-ல் திறந்தது, குழந்தைகளுக்குத் தனிப் பகுதி, அவர்கள் உயரத்துக்கு அலமாரி. என் மகள் அங்கே கம்ப்யூட்டரைத் தாண்டிப் போய்ப் புத்தகத்தில்தான் உட்கார்ந்தாள். உங்கள் பையன் எங்கே உட்காருவானோ தெரியாது.

ஒத்தக்கடை_அப்பா

எல்லோருக்கும் பெரிய நன்றி. கம்பெனி ஆளிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பிள்ளை எதிர்காலம் என்று ஆரம்பித்தார், கடன் யார் பெயரில் என்று வைகைக்கரை அண்ணன் சொன்னதை அப்படியே கேட்டேன், மேனேஜரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்தவர்தான்.

பையனின் டீச்சரைப் பார்த்தேன், மொட்டில் இருக்கிறானாம். ரீட் அலாங் இறக்கி, ஃபிளைட் மோடு போட்டு, பின் பண்ணி அம்மா பக்கத்தில் உட்காரவைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் அம்மா அவனோடு சண்டை, "நரி அப்படிச் செஞ்சிருக்காதுடா, திரும்பப் படி" என்று. அவன் ஊகித்துச் சொன்ன இடத்தை அம்மா பிடித்துவிட்டார்கள்!

பின்னத்தில் வட்டத்தைப் பொண்ணே கண்டுபிடித்துப் போடுகிறாள், பேப்பரில் எழுதச் சொன்னால் இன்னும் இழுக்கிறது. மடித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

செல்லூர் அண்ணே, மச்சினன் வீட்டில் அந்த லேப்டாப் இருக்கிறது, ஆனால் பேட்டரி ஏறவே மாட்டேன் என்கிறது என்றான். கொண்டுவந்தால் ஆகுமா, எவ்வளவு செலவு பிடிக்கும்?

செல்லூர்_சர்வீஸ்

பேட்டரி போயிருந்தால் மாற்ற வேண்டாம் அண்ணே, கழற்றி வைத்துவிட்டுச் சார்ஜரிலேயே ஓட்டலாம், பிள்ளைகளும் கரண்ட் போனால் எழுந்துவிடுவார்கள். சார்ஜரை மறக்காமல் எடுத்து வாங்க, அதன் முனை இந்த மாடலுக்குத் தனி. ஜிகாம்ப்ரி ஏற்றித் தருவதற்குக் காசு வேண்டாம். ஞாயிறு மதியத்துக்கு மேல் கடை இருக்காது, காலையிலேயே வந்துடுங்க.